தாளில் இல்லாத கீரை

ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி, காம்பும் பழுப்பும் நீக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அரைக்கீரை என்றால் மண் போகிறவரை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். காலை ஏழே முக்காலுக்குப் பேருந்து பிடிக்கிறவள் சமைக்கும் வீட்டில் முதலில் காணாமல் போவது இதுதான். கீரை வேண்டாம் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் தீர்மானிக்கவில்லை.

திருச்சியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கணவருக்கு ரயில்வே பணிமனையில், அவர் எனக்கும் முன்னால் கிளம்பிவிடுவார். பெண் ஏழாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. அத்தை எங்களோடு இருந்தவரை சமையல் பற்றி நான் யோசித்ததே இல்லை. கொழுந்தனாருக்குக் குழந்தை பிறந்ததும் அத்தை மதுரைக்குப் போனார். அடுத்த சில வாரங்கள் வீட்டில் காலை என்றால் கத்தல்தான். பிள்ளைகள் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின நாள்கள் உண்டு.

அப்போதுதான் திட்டம் போட்டேன். எண்களோடு புழங்குகிறவள் என்பதால் கணினியிலேயே கட்டம் போட்டு, வாரத்துக்கு என்ன சமையல் என்று அச்செடுத்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் வாரம் முழுவதற்கும் மாவு, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி. திங்கள் இட்லி, மதியத்துக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். செவ்வாய் தோசை, புளிசாதம், அப்பளம். புதன் தக்காளி சாதம். வியாழன் தயிர் சாதம், ஊறுகாய். இப்படியே சனி வரை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நிமிடம் ஆகும் என்றுகூடக் குறித்திருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியது எதுவும் அந்தத் தாளில் கிடையாது.

அந்தத் திட்டம் வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். காலைக் கத்தல் நின்றது. டிபன் பாக்ஸ்கள் காலியாகத் திரும்பி வந்தன. கலந்த சாதம் என்றால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அலுவலகத்தில் என்னோடு சாப்பிடுகிற நான்கு பேர் அந்தத் தாளைக் கேட்டார்கள், ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அதில் பெருமைதான்.

என் பெண் பள்ளியில் கோ-கோ விளையாடுவாள். ஓடுவதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. அந்த வருடம் ஆடி, ஆவணி வாக்கில் அவள் மாறத் தொடங்கினாள். சாயங்காலம் வந்ததும் சோபாவில் விழுந்துவிடுவாள். வீட்டுப்பாடத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குவாள். காலையில் நாலு தடவை எழுப்ப வேண்டும். பயிற்சிக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து சொன்னபோது கேட்டேன். "ஓட முடியலம்மா, மூச்சு வாங்குது" என்றாள். நான் அவள் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தேன். "சோம்பேறித்தனம் வந்துடுச்சு உனக்கு" என்றேன்.

அந்தச் சொல்லை ஒரு தடவையோடு விடவில்லை. துணி மடிக்காதபோது, படியேறி மாடிக்குப் போகச் சொன்னால் தயங்கும்போது, தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதபோது என்று பல மாதங்கள் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் எதிர்த்துப் பேசாதது எனக்கு வித்தியாசமாகப் படவே இல்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அரிசி டின்னிலிருந்து பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். முதலில் கண்டபோது, எங்கள் அம்மா என்னிடம் சொன்னதையே நானும் சொன்னேன்: "அரிசி தின்னா உன் கல்யாணத்துல மழை பெய்யும்டி." சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு பாவாடைப் பையில் அரிசி இருந்தது. தலையணைக்கு அடியிலும் இருந்தது. எறும்பு வருகிறதே என்றுதான் திட்டினேன்.

காய்ச்சல் ஒன்று வந்து, போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்காகத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் அறிக்கை வந்தது. ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 12க்குக் குறைந்தாலே சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது.

"என்ன சாப்பிடறா?" என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. கைபேசியில் இருந்த தாளைத் திறந்து நீட்டினேன். அவர் அதை வாங்கி, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். குறை சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் குறை சொல்லவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்:

"அரிசி திங்கறியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லவா என்று என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

நான் எதுவும் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. இரும்புச்சத்து மிகவும் குறைந்துபோனவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று எதையாவது கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும் என்றார். "மருந்து கொடுத்தா தானா நின்னுடும். திட்டாதீங்க." அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் மஞ்சள். செவ்வாய் பழுப்பு. புதன் சிவப்பு. வியாழன் வெள்ளை. சனி வரை கீழே போனேன், திரும்ப மேலே வந்தேன். பச்சையாக ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு வருடமாகத் தினமும் அந்தத் தாளின் முன்னால் நின்று பால் எடுத்திருக்கிறேன், காய் எடுத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் படித்திருக்கிறேன். என்ன இல்லை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 10 முதல் 12 வயதுவரை உள்ள பெண் குழந்தைக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்திருக்கிறது. அதே வயதுப் பையனுக்கு 16 போதும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பில் ஆறுக்கு மேல் இருக்கிறது. என் தாளில் இருந்ததெல்லாம் அரிசிதான், வேறு வேறு நிறத்தில். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, காய்கறியிலும் தானியத்திலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். ஆனால் எடுத்துக்கொள்வதற்கு அந்த எலுமிச்சை சாதத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே. சாயங்கால டிபனோடு டீயும் கொடுத்துக்கொண்டிருந்தேன். டீ, இருக்கிற கொஞ்ச இரும்பையும் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடச் சொன்னார் டாக்டர்.

என் மனதை இன்னும் அறுப்பது நீல மாத்திரை. அவள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே வாரம் ஒருமுறை இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் "வயித்தப் புரட்டுதும்மா" என்று வந்து சொன்னாள். "அப்ப போடாத, விடு" என்றேன். சாப்பிட்ட பிறகு போட்டாயா, வெறும் வயிற்றில் போட்டாயா என்று கேட்டிருக்கலாம். அன்று இரவு எனக்குக் கணக்கு முடிக்கிற வேலை இருந்தது.

அத்தைக்குப் போன் செய்தேன். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. அவர் இருந்தபோது வாரத்தில் மூன்று நாள் கீரை, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மழைக்காலத்தில் கம்பு அடை. இவையெல்லாம் எனக்குப் பழக்கமாகத் தெரிந்தன, சத்தாகத் தெரியவில்லை. முருங்கைக்கீரை ஆய நேரமில்லை அத்தை என்றேன். "அத யாரு ஒவ்வொண்ணா உருவச் சொன்னா? ஈரமில்லாம ஒரு துணியில சுத்தி ராத்திரி வச்சிரு. காலைல பிரிச்சு உதறு. இலை தானா உதிர்ந்துரும்." பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் கேட்டதே இல்லை.

இப்போது சந்தைக்குப் போவது என் கணவர். ஞாயிறு விடியலில் தென்னூர் உழவர் சந்தை, புதன் மாலை வேலை முடிந்து வரும் வழியில். அரைக்கீரையும் சிறுகீரையும் ராத்திரி டிவி ஓடும்போது தரையில் செய்தித்தாள் விரித்து நாலு பேருமாக ஆய்கிறோம். கழுவாமல் துணியில் சுற்றிவைத்தால் இரண்டு நாள் தாங்குகிறது. தோசை மாவில் பாதிக்குக் கம்பு. தயிர் சாதம் போகவில்லை, அதோடு சுண்டல் போகிறது. சுவரொட்டியைப் பையன் சாப்பிடுகிறான், பெண் மூக்கைப் பிடிக்கிறாள். அவளுக்கு வேர்க்கடலையும் எள்ளும் போட்ட உருண்டை. அவள் சோகையை உணவு மட்டுமே சரிசெய்துவிடவில்லை. குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையைப் பாலோடு தராமல் எலுமிச்சைச் சாற்றோடு தந்தோம். மலம் கறுத்துப் போனபோது பயந்தோம், அது அப்படித்தான் என்றார் டாக்டர். ரத்த அளவு சரியான பிறகும் சேமிப்பு நிறையச் சில மாதம் தொடரச் சொன்னார். அரிசி தின்பது முதல் மாதத்திலேயே நின்றது.

அணியில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. ஒரு ராத்திரி, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, நிமிராமலே சொன்னாள்: "நீ சோம்பேறின்னு சொன்னல்ல, நானும் அப்படித்தான் ஆயிட்டேன்னு நெனச்சேம்மா. எல்லாரும் ஓடறாங்க, எனக்கு மட்டும் ஏன் பிடிக்கலன்னு யோசிச்சேன்." நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லம்மா என்றாள். ரத்தம் ஏறிவிட்டது. அந்த மாதங்களில் தன்னைப் பற்றி அவள் நம்பிக்கொண்டது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் அந்தத் தாளை வாங்கிப்போன நால்வரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அது தப்பான தாள், கிழித்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முழுக் கதையும் சொன்னேன். ஒருத்தி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்கக்கா. எனக்குத்தான் மாடி ஏறினா படபடன்னு வருது. வயசாகுதுன்னு நெனச்சேன்." அவளுக்கு முப்பத்து நாலு வயது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. எங்கள் சாப்பாட்டு மேசையில் அன்று ஐந்து பேர் இருந்தோம்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளைப் பக்கத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். துணைக்குப் போன நானும் கையை நீட்டினேன். அவளுக்கு 8.4. எனக்கு 9.8. இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம். மீதி மூவரில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். இன்னொருத்தி, மாதக் கணக்கு முடியட்டும் என்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் வேலையை நான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.