பரவால்ல

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் ஆணி எதுவும் இல்லை. தங்கமணி கோத்ருட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு விட்டால் இனி எழுத மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சீரியஸான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-ல் என் சிறுநீரகங்கள் இரண்டும் படுத்துக்கொண்டன. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பி.பி.தான். வருஷா வருஷம் ஆபீஸில் செக்கப் செய்து, 160/100 என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள். 'டென்ஷன் சார்' என்று சிரித்துக்கொண்டே அதை டிராயரில் போட்டுவிடுவேன். கால் வீங்கி, மூச்சு வாங்கி, புனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தபோது கிரியேட்டினின் 9. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். டாக்டர் இரண்டாவது வாரமே கேட்டுவிட்டார், "வீட்டில் யார் கொடுப்பார்கள்?" என்று.

தங்கமணிக்கு சர்க்கரை. அம்மாவுக்கு வயது 71. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை. அம்மாதான் செய்தாள். "அக்கா சரின்னுட்டா" என்று அம்மா சொன்னபோது, எனக்கு வந்தது கண்ணீர் இல்லை, நிம்மதி. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அக்கா 'சரி' என்று சொல்லாமல் இருப்பாள் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஏனென்றால் அக்கா எப்போதுமே சரி என்று சொல்பவள். 1987-ல் ப்ளஸ் டூவில் கணக்கில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் அவள். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணக்கு சேர அப்ளிகேஷன்கூட வாங்கி வைத்திருந்தாள். அப்பாவுக்கு மில்லில் வேலை. "மூணு வருஷத்துல தம்பிய இஞ்சினீயரிங் சேக்கணும்லா" என்றார் அப்பா. அக்கா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "பரவால்லப்பா" என்றாள். அவ்வளவுதான். மொத்தப் பேச்சும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. 1990-ல் நான் இஞ்சினீயரிங் சேர்ந்தேன், அவளுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் விசேஷத்துக்கு வருகிறவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வாள், 'அவ தம்பிக்காக படிப்பையே விட்டவ' என்று.

2018 ஜனவரியில் அக்காவும் அத்தானும் புனே வந்தார்கள். ரத்தம், ஸ்கேன், க்ராஸ் மேட்ச் என்று ஒரு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு நாள், கொடுப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். அக்காவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. "நான் மொழிபெயர்க்கிறேன்" என்று எழுந்தேன். அந்த டாக்டரம்மா, "நீங்கள் கூடாது, உங்கள் வீட்டில் யாரும் கூடாது" என்று சொல்லிவிட்டு, பாலக்காட்டுக்கார நர்ஸ் ஒருவரைத் தேடிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கதவை மூடிவிட்டார்கள். முக்கால் மணி நேரம். எனக்கு எரிச்சல். சொந்த அக்கா தம்பிக்குக் கொடுக்கிறாள், இதில் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது என்று அத்தானிடம் புலம்பினேன்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது அந்த டாக்டரம்மாவின் பிடிவாதம் மட்டும் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. கிட்னியை விலைக்கு வாங்குவது அன்றைக்குப் பெரிய வியாபாரமாக நடந்துகொண்டிருந்தது, அதைத் தடுக்கத்தான் சட்டம். ஆனால் 2014-ல் வந்த விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெற்றுக்கொள்பவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்கிறது அது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் குடும்பங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1995-லிருந்து 2021 வரையிலான கணக்கை நோட்டோ என்கிற தேசிய அமைப்பு சொன்னது. உறுப்பு பெற்றுக்கொண்டவர்களில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்கு மட்டுமா கிட்னி கெடுகிறது? இல்லவே இல்லை. அம்மா, பெண்டாட்டி, அக்கா... இவர்கள் கொடுப்பார்கள் என்பது வீட்டுக்கு வீடு எழுதாத சட்டம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். ஒரு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய இடது சிறுநீரகம் என் வலது இடுப்புப் பக்கம் உட்கார்ந்து இன்றுவரை ஒழுங்காக வேலை பார்க்கிறது.

இரண்டு வருஷம் கழித்து பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா திண்ணையில் உட்கார்ந்து அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுவாக்கில், "அன்னிக்கு ரூமுக்குள்ள அவ்வளவு நேரம் என்ன கேட்டாங்க?" என்றேன்.

"குடுக்க இஷ்டமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குப் பதிலே வரலல. எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்லலா." கீரையை முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள். "இஷ்டமில்லன்னா சொல்லுங்க, டெஸ்ட்டுல பொருந்தலைன்னு நாங்களே உங்க வீட்டுல சொல்லிருதோம், காரணம் யாருக்கும் தெரியாதுன்னாங்க. நான் ஒரு நாள் டைம் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒரு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'ஒரு ரிப்போர்ட் வர லேட்டாகிறது' என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் லேபைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்னு சொல்லிரலாமான்னும் யோசிச்சேன். எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குல்லா. ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தேன். காலைல போயி, குடுக்கேன்னு சொன்னேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். "காலேஜ நான் குடுக்கலல. அது நீங்க எடுத்துக்கிட்டது. இது நான் குடுத்தது."

கோபமாகச் சொல்லவில்லை. கீரைக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல். ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தியாகம்தான் மனித ஒழுக்கத்தின் உச்சி என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புறாவுக்காகத் தொடையை அறுத்துக் கொடுத்த சிபியின் கதை கேட்காமல் தூங்கியது உண்டா? நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். சிபி அறுத்தது தன் தொடையை. 'என் அக்கா இருக்கிறாள், அவள் கொடுப்பாள்' என்று பருந்திடம் சொல்லவில்லை. தியாகம் ஒருவர் தனக்குத்தானே விதித்துக்கொள்ளக்கூடியது. அடுத்தவருக்கு அதை விதிக்கிற நொடியிலேயே அதற்குப் பெயர் வேறு. வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாதவள் சொல்கிற 'சரி'யை வைத்துக்கொண்டு நாம் தியாகம் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடக் கொண்டாட, அடுத்த தடவை அவளால் மறுக்க முடியாமல் போகிறது.

உலகத்தில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். நோய் இல்லாத மனிதனைக் கத்தியால் கிழிக்கலாமா என்று டாக்டர்களே குழம்பி, மதகுருமார்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு ரிச்சர்ட் தன் சகோதரருக்கு ஒரு சீட்டு அனுப்பினாராம், இங்கிருந்து வீட்டுக்குப் போய்விடு என்று. ரொனால்ட் போகவில்லை. ரிச்சர்ட் அதற்குப் பிறகு எட்டு வருஷம் வாழ்ந்தார்.

கொடுத்தவரின் பெருமையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சீட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. செத்துக்கொண்டிருந்த ஒருவன், தன்னைப் பிழைக்க வைக்கப் போகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டான். நான் அக்காவுக்கு அப்படி ஒரு சீட்டு எழுதவில்லை. எனக்காக ஒரு டாக்டரம்மாவும் ஒரு பாலக்காட்டு நர்ஸும் எழுதினார்கள். அவர்கள் எழுதியதால்தான் அக்கா எனக்குக் கொடுத்தது தியாகம் ஆனது. இல்லாவிட்டால் அது இன்னொரு பி.எஸ்ஸி. கணக்கு.

இதை இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மகள் ப்ளஸ் டூ, மகன் பத்தாவது. மகனுக்கு ஜே.இ.இ. கோச்சிங், இரண்டு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். "பாப்பா இங்கேயே பக்கத்துக் காலேஜ்ல படிச்சுக்குவா" என்றார் தங்கமணி. நானும் தலையாட்டினேன். மகள் மொபைலைப் பார்த்துக்கொண்டே, "பரவால்லப்பா" என்றாள்.

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. புனேயில் பிறந்து வளர்ந்த பெண், அம்பாசமுத்திரம் கொல்லைப்புறத்துக் குரலில் பேசுகிறாள்.

ராத்திரி அவள் அறைக்குப் போய் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். "அம்மா, தம்பி, பணம் எல்லாத்தையும் விடு. உனக்கு என்ன வேணும்? நீ என்ன சொன்னாலும் அது இந்த ரூமைத் தாண்டாது" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நெஜமாவே கேக்கறீங்களா?" என்றாள்.

பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பி.கு: செக்கப் ரிப்போர்ட்டை டிராயரில் போடும் கனவான்களே, பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். அக்காக்கள் பாவம் :-)