நாற்பது வளைவுகளும் ஒரு சக்கரமும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சென்றிருக்கிறீர்களா? ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம். ஆழியாறு வரை தென்னந்தோப்புகள் சூழ்ந்த சமவெளி. அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் ஆழியாற்று நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். நல்ல நேரமாயின் பாறைச் சரிவில் வரையாடுகளையும் காணலாம்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு அங்கே சென்றோம். வாகனம், அத்தா 1988ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாஸடர். 2014இல் உற்பத்தியே நின்றுபோன அந்த வண்டியை விற்க மனமின்றி வைத்திருக்கிறோம். முன் இருக்கையில் அம்மா. பின்னால் மனைவியும் பிள்ளைகள் மூவரும்.

ஆழியாற்றுக்கு முன்பு ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி சட்டென்று வலப்பக்கம் பாய்ந்தது. எதிரே வாகனம் ஏதும் வராததால் தப்பினோம். "ஏன் இப்படி இழுக்கிறது?" என்று மனைவி கேட்டார். "சாலை சரிவாக இருக்கிறது" என்று சொல்லி வைத்தேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலையில்லை. எனவே அதை மறந்தும் போனேன்.

மறுநாள் இறங்க வேண்டிய நேரத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்பது வளைவுகளிலும் மிதிக்க வேண்டுமே! ஊரில் விசாரித்து, முதிய மெக்கானிக் ஒருவரின் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"பாய், நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டுகிற நமக்குச் சரிவு இடப்பக்கம். சாலையின் குற்றமென்றால் வண்டி இடப்பக்கமல்லவா போக வேண்டும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும்.

முதலில் முன் டயர்கள் இரண்டின் காற்றையும் அளந்து சமமாக்கினார். பிறகு ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டச் சொன்னார். பிரேக் போடாதபோது வண்டி நேராகவே சென்றது. மிதித்தபோது மட்டும் வலப்பக்கம் இழுத்தது. ஆகவே கோளாறு பிரேக்கில்தான் என்பது தெளிவாயிற்று.

அடுத்து, சிலமுறை பிரேக் போட்டு நிறுத்தியபின், முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தொடவில்லை, தொட்டால் சுட்டுவிடும். வலச் சக்கரம் அனலாக இருந்தது. இடச் சக்கரம் குளிர்ந்திருந்தது. "வலச் சக்கரத்தில்தானே கோளாறு?" என்றேன். ஜாக்கி வைத்துத் தூக்கி அதைச் சுழற்றிக் காட்டினார். தடையின்றிச் சுழன்றது. பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் அப்படிச் சுழலாது.

"இது நல்ல சக்கரம், பாய். இரண்டு பேர் வேலையையும் இது ஒன்றே செய்கிறது. அதனால்தான் சூடு. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கிறது. நோய் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கும்."

இடச் சக்கரத்தில் காற்று வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தி என்னை மிதிக்கச் சொன்னார். எண்ணெய் வேகமாக வந்தது. ரப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகவே வந்திருக்கும். பின்பு ட்ரம்மைக் கழற்றினார். காரணம் கண்ணெதிரே தெரிந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்து, லைனிங் முழுவதும் ஊறிப்போயிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங் ட்ரம்மைப் பற்றாது, வழுக்கும்.

"இடையில் ஆயில் குறைந்ததா?" என்று கேட்டார்.

குறைந்தது. இரண்டு மாதங்களில் இருமுறை ஊற்றி நிரப்பினேன். அது எங்கே போகிறது என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறிய நான், ஒரு டப்பா எண்ணெயில் என் கடமை முடிந்ததென்று எண்ணியிருந்தேன்.

ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டலாமா என்றேன். கூடாது என்றார். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் கூடாதாம். புதியதும் பழையதும் ஒன்றுபோல் பிடிக்கா. ஆகவே இரு முன்சக்கரங்களுக்கும் புதிய லைனிங், சிலிண்டர்களுக்குப் புதிய ரப்பர் எல்லாம் போட்டு, குழாய்களிலிருந்த காற்றையும் எடுத்தார். ட்ரம்முக்குள் படிந்திருந்த தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

புறப்படும்போது, "இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள்" என்றார்.

அவ்வாறே இறங்கினேன். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினேன். பிள்ளைகள் வரையாட்டைத் தேடி ஓடினார்கள். நான் குனிந்து இரு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஒரே அளவு இளஞ்சூடு. அம்மா கண்ணாடியை இறக்கி, "என்னப்பா பார்க்கிறாய்?" என்றார்.

"ஒன்றுமில்லை அம்மா, இனி அச்சமில்லை" என்றேன். கீழே இன்னும் எட்டு வளைவுகள் இருந்தன.