குட்டிப் படத்துல நான் பெரிய ஆளு

நேத்து பௌர்ணமி கிரிவலம்.
14 கிலோமீட்டரும் நடந்து, கார்டு ரொம்பற வரைக்கும் போட்டோ எடுத்துத் தள்ளிட்டேன்.
எல்லாம் ரா ஃபைல். ஒவ்வொண்ணும் 25 எம்பிக்கு மேல.

வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அத்தனையும் வரிசையா வந்து நிக்குது.
அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம், மலை, நிலா...
அடடா, நம்ம கையா இது!

அப்புறம்தான் உறைச்சுது.
சாஃப்ட்வேர் இன்னும் ரா ஃபைலைப் பிரிக்கவே ஆரம்பிக்கல. படம் எடுக்கும்போதே கேமரா அதுக்குள்ள ஒரு சின்ன ஜேபெக்கைச் செருகி வெச்சிடும். அதை மட்டும் உருவிக் காட்டுது. அவ்ளோதான் வேகத்தோட ரகசியம்.

ஒண்ணைப் பெருசாக்கினேன்.
ரெண்டு நொடி யோசிச்சுது.
217 அடி கோபுரம், 11 நிலையும் சேர்ந்து ஆடுது. கை நடுக்கம்.
அடுத்தது? அதுவும் அப்படியே.

பஸ்ல வரும்போது தூரத்துல தெரியற மலையும் இப்படித்தானே? ஒரே முக்கோணம். சுத்தி நடந்தாத்தான் பக்கத்துக்கு ஒரு மலை.

இப்போ சொல்லுங்க...
எல்லாத்தையும் டெலிட் பண்ணிடவா,
இல்ல பெருசாக்காமலே வெச்சுப் பெருமைப்பட்டுக்கவா?