தெர்மாமீட்டரும் தூண்டிலும்

ஆகஸ்ட் மாதம் கொலம்பியா ஆற்றுக்குப் போகிறவர்கள் தூண்டிலோடு ஒரு தெர்மாமீட்டரையும் எடுத்துப்போவது நல்லது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன், ஒரேகான் மாநிலங்களுக்கு எல்லையாக ஓடிப் பசிபிக்கில் கலக்கும் இந்தப் பேராற்றில், கோடையின் கடைசியில்தான் சால்மன் கூட்டம் திரும்பி வருகிறது. தண்ணீர் சூடாகிக் கிடப்பதும் அப்போதுதான்.

முகத்துவாரத்தில் அஸ்டோரியா நகரம். அருகே '10ஆம் எண் மிதவை' என்றே பெயராகிவிட்ட பகுதியில் படகுகள் நெருக்கியடிக்கின்றன. கடலிலிருந்து நுழையும் சினூக், கோஹோ சால்மன்கள் இங்கே வெள்ளி மினுமினுப்போடு கொழுத்திருக்கும். ஆற்றுக்குள் வந்தபின் அவை இரை தேடுவதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தே எதிர்நீச்சல் போட்டு, பிறந்த ஓடையில் முட்டையிட்டு இறந்துபோகும். கூட வரும் ஸ்டீல்ஹெட் சற்று அதிர்ஷ்டசாலி. முட்டையிட்ட பிறகும் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பும். நமக்கு இது அந்நிய மீனும் அல்ல. நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். இது கடலுக்குப் போய் வருகிறது, அவ்வளவுதான்.

போர்ட்லண்டிலிருந்து கிழக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில் பானவில் அணை. அதன் பக்கவாட்டில் படிப்படியாக நீர் வழியும் 'மீன் ஏணி' இருக்கிறது. பார்வையாளர்களுக்காக நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். கை நீள சால்மன் ஒன்று நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி, ஓரடி பின்தங்கி, மறுபடி முட்டுவதை அரை மணி நேரம் பார்க்கலாம். தூண்டில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு என் சிபாரிசு இந்த ஜன்னல்தான். ஏறும் மீன்களை இனம்வாரியாக எண்ணும் வேலை 1938 முதல் நடக்கிறது. மீன்பிடிக்க ஆற்றைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பொறுத்ததே. 2021ல் ஸ்டீல்ஹெட் எண்ணிக்கை படுமோசமாகச் சரிந்ததும், டெஷூட்ஸ் உள்ளிட்ட ஆறுகளில் அதைப் பிடிக்க ஒரேகான் தடை போட்டது.

தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த மீன்கள் திணறுகின்றன. 2015 கோடையில் கொலம்பியாவிலும் அதன் துணை ஆறான ஸ்னேக்கிலும் சுமார் இரண்டரை லட்சம் சாக்கை சால்மன்கள் சூட்டால் செத்தன. அணைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஓடிய ஆறு ஏரிகளின் வரிசையாகிவிட்டது; தேங்கிய நீர் வெயிலில் காய்கிறது. மீன்கள் தப்பிக்க ஒரே வழி, குளிர்ந்த ஓடைகள் வந்து சேரும் இடங்களில் ஒதுங்குவது. ட்ரேனோ ஏரி, ஹெர்மன் ஓடை, டெஷூட்ஸ் முகத்துவாரம் ஆகிய இடங்களில் அவை நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. விஷயம் தெரிந்த தூண்டில்காரர்களும் அங்கேயே காத்துக் கிடக்கிறார்கள். நிழலுக்கு ஒதுங்கியவன் மடியில் கைவைக்கிற வேலை இது. சில இடங்களைக் கோடையில் ஒரேகான் மூடிவிடுகிறது, சரியான முடிவு.

முதுகில் வால் பக்கமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் பொரித்த மீன், பொதுவாக வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் இயற்கை ஸ்டீல்ஹெட், விட்டுவிட வேண்டும். ஆனால் வெதுவெதுப்பான நீரில் போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைப்பது நிச்சயமில்லை. பொறுப்பானவர்கள் தெர்மாமீட்டர் வைத்திருப்பது இதற்காகத்தான். விடிகாலையில் பிடித்து, நீர் சூடானதும் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறார்கள்.

இந்த ஆற்றில் யாகிமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடிகளுக்கு 1855 ஒப்பந்தங்களின்படி மீன்பிடி உரிமை உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் பலகை மேடைகளில் நின்று வலை வீசிய செலைலோ அருவி, 1957 மார்ச் 10 அன்று டேல்ஸ் அணை நீரில் சில மணி நேரத்தில் மூழ்கிப்போனது. மேடைகள் வேறு இடங்களில் இன்னும் இருக்கின்றன. பானவிலுக்கு மேலே கேஸ்கேட் லாக்ஸ் ஊரில், பருவம் இருக்கும்போது ஆற்றங்கரையிலேயே அவர்கள் மீன் விற்கிறார்கள். ரொக்கமும் ஐஸ் பெட்டியும் கொண்டுபோங்கள்.