காரைக்காலில் ஏழு நாள் – 4: மாப்பிள்ளை ஊர்

காரைக்காலில் பெண் எடுத்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக இந்த ஊருக்கு வந்துபோகிற நான், மாப்பிள்ளை உபசாரம் என் மாமியார் வீட்டு வாசலோடு முடிந்துபோகிற சமாசாரம் என்றே நினைத்திருந்தேன். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவை ஒட்டி ஒரு வாரம் சாவகாசமாகத் தங்கிய இந்தத் தடவைதான், அது ஊருக்கே உரிய சுபாவம் என்பது புலப்பட்டது.

திருவிழா முடியும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் அம்மாள் ஒரு நாள்கூட வாசலில் நில்லாமல் போனதில்லை. “மாப்பிள்ளை வந்திருக்காராமே, திங்கக்கிழமை நல்ல கொடுவாவா எடுத்தாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வாள். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனாருக்கோ, 1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள், இடையிடையே இங்கிலீஷ்காரரிடம் ஊரைப் பறிகொடுத்து மீட்டது போக, 1954 நவம்பர் முதல் தேதி வரை இருந்த கதையைச் சொல்வதில் அலுப்பே கிடையாது. திருநள்ளாறும் நிரவியும் நெடுங்காடும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவே இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, “பெண் வீட்டுச் சாப்பாட்டை இருநூறு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்ட மாப்பிள்ளைகள் அவர்கள்தான்” என்பார், என்னைக் கடைக்கண்ணால் பார்த்தபடி.

இந்த ஊரின் நிரந்தர மாப்பிள்ளை பரமதத்தர். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்கு இட்டுவிட்ட புனிதவதி, அவன் இன்னொன்றையும் கேட்டபோது இறைவனை வேண்டிப் பெற்றுப் படைத்ததும், அந்த அதிசயத்துக்கு அஞ்சிய அவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்ததும், சேக்கிழார் சொல்லி நாம் அறிந்த சரித்திரம். மனைவியைத் தெய்வமென்று கண்டு அவள் காலில் விழுந்தவன்தான் என்றாலும், விட்டுவிட்டு ஓடியவன் ஓடியவன்தானே! ஆயினும் ஆண்டுதோறும் மேளதாளத்துடன் மாப்பிள்ளை அழைப்பு நடத்தி, மறுநாள் திருக்கல்யாணமும் செய்துவைக்கிற பெருந்தன்மை இந்த ஜனங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வியந்தபோது, மாமியார் சொன்ன சமாதானம் இது: “பொண்ணைக் கொடுத்தாச்சு, அப்புறம் கோவிச்சுக்கிட்டு என்ன ஆகப்போவுது?”

கல்யாணத்துக்கு மறுநாள், பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வந்தார். சப்பரம் கடந்ததுதான் தாமதம், இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்கள் மழையாய்ப் பொழிந்தன. குழந்தை வரம் வேண்டிவந்த பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்திருக்க, ஒரு பொடியன் குடையைத் தலைகீழாக ஏந்தி நான்கு பழம் சேர்த்துவிட்டான். ஐந்தாவது, கம்பியில் பட்டுப் பிளந்து, சாறு அவன் முழங்கைவரை வழிந்தது. அதை நக்கிக்கொண்டே அண்ணாந்து நின்ற அவனுடைய ஆனந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோளில் ஒரு பழம் விழுந்து, துள்ளி, வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வெறுங்கையோடு திரும்பிய எனக்கு, இலையில் தயிர்சாதமும் ஒரு மாம்பழமும் காத்திருந்தன. மைத்துனன் பிடித்துவந்தவை இரண்டு என்று மனைவி முன்பே காதில் ஓதியிருந்ததால் என் கண் மற்றொன்றைத் தேடிற்று. “வாசல்ல ஒரு பெரியவர் பசின்னு நின்னார், கொடுத்துட்டேன் மாப்பிள்ளை” என்றார் மாமியார்.

இன்னொன்று கேட்டவன் கதி தெரிந்த ஊரில், நான் வாய் திறவாமல் கொட்டையைச் சப்பத் தொடங்கினேன்.

மாசி மகத்தன்று தங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் திருக்கண்ணபுரத்துப் பெருமாளையே மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று உரிமையோடு அழைக்கிற திருமலைராயன்பட்டினத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)