திருப்புளியும் டிராக்டரும்

பைராம் தோட்டத்துக் கிராணியாகிய நாம் விபத்துப் பதிவேட்டில் எழுத விரும்பாத வரி ஒன்றுண்டு: ‘திருப்புளியால் டிராக்டரைக் கிளப்பினான், வண்டி அவன்மீதேறியது.’

கியரில் நிற்கும் சிறு டிராக்டர் திடீரெனக் கிளம்பாதிருக்கவே கிளட்ச் மிதியில் காப்பு ஸ்விச் வைத்துள்ளனர். ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைப்பது அக்காவலைக் கடப்பதாகும்.

சாவியைத் திருப்புகையில் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், முதலில் பாட்டரியை அளந்து பாருங்கள். முழு மின்னேற்றமுள்ளது 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழெனில் மின்னேற்றுங்கள். பின்னர், எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, முனைகளின் களிம்பையும் எர்த் கம்பி பொருந்துமிடத்துத் துருவையும் சுரண்டுங்கள். ஒலியே இல்லையேல் பியூஸையும் காப்பு ஸ்விச்சையும் சோதியுங்கள்.

கைப்பிடி சுழற்றிக் கையொடிந்தோர் துயர் தீர, 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் மோட்டார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கையைக் காக்க வந்த கருவிக்கு உயிரைக் கொடுப்பது அறிவுடைமையோ, தோழர்களே?