அம்மியும் லாரியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றல் வந்தது. முழுப்பரீட்சை முடிந்ததும் கிளம்பி, ஆடி பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று பாட்டி நாள் பார்த்தாள்.

மூட்டை கட்ட ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் இவ்வளவு இருந்ததா என்று மலைப்பாக இருந்தது. பரணிலிருந்து பேர் வெட்டிய பாத்திரங்கள் இறங்கின. எழுத்தைத் தடவித் தடவி, யார் கல்யாணத்துக்கு யார் வைத்த சீர் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் சொம்பு, சொம்புக்குள் கரண்டி. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் கோணிக்குள் போக, அப்பா கோணி ஊசியால் வாயைத் தைத்தார். சாமி படங்களை அம்மா நூல் புடவையில் சுற்றினாள். ஆவக்காய் ஜாடியின் வாய்க்கு வேட்டித் துணி கட்டியவள், லாரியில் ஏற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. பழைய துடைப்பம் கூட வரக்கூடாது என்று கொல்லையிலேயே நின்றுவிட்டது.

வம்பு அம்மியால் வந்தது. தூக்கிப் பார்த்த சுமைகூலி, "இதி ஒதிலெய்யண்டி அவ்வா" (இதை விட்டுடுங்க பாட்டி) என்று கீழே வைத்துவிட்டார்.

"நான் மிதிச்சு மெட்டி போட்டுக்கிட்ட அம்மிடா. அது வராம நான் வரல" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள் பாட்டி.

"எங்கேம்மா போறோம்? ஒரே ஜில்லாதானே!" என்றார் அப்பா.

"மெட்ராஸ் ராஜதானியில வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவ நான். 1953ல ஆந்திரா பிரிஞ்சப்போ வாசப்படி தாண்டாமலே வேற ராஜ்ஜியத்துக்குக் குடி போனேன். அப்போ எவனும் என்னை அம்மியை விட்டுட்டு வான்னு சொல்லல."

கூலி கொஞ்சம் ஏறியது. அம்மியும் ஏறியது.

பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக லாரியோடு அப்பா போக, நாங்கள் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் கிளம்பினோம். ஜாடி அம்மாவின் மடியில். பாகாலாவில் வண்டி நெடுநேரம் நின்றது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பெங்களூரா மாங்காய்க் கீற்றுகள் ஜன்னலோரம் வந்தன. சந்திரகிரி தாண்டியதும் இடதுபக்கம் திருமலை எங்களோடு கூடவே வந்தது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இனிமே உன் காலடியில்தான்" என்றாள்.

கோவிந்தராஜசாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. மஞ்சள், உப்பு, துவரம்பருப்பு எல்லாம் கையோடு இருந்தன. நிறைகுடத்துக்குத்தான் தண்ணீர் இல்லை. சித்தூர் வீட்டில் கிணறு. வாளியை விட்டால் போதும். இங்கே குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தெருவே குழாய் விடும் நேரத்தைப் பார்த்துத்தான் எழுந்தது, படுத்தது. பக்கத்து வீட்டம்மா பிடித்து வைத்திருந்த தண்ணீரிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார். "நம்ம நிறைகுடம் ஊரார் வீட்டுத் தண்ணியில நிறைஞ்சது, நல்ல சகுனம்தான்" என்ற பாட்டி, பால் கிழக்கே பொங்கி வழிந்த பிறகுதான் அம்மியை எங்கே போடுவது என்று இடம் தேடப் போனாள்.

அம்மா பிறகு திருப்பதியை விட்டு எங்கும் போகவில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. அப்பா சொன்ன சமாதானம் அன்றோடு செல்லாமல் போயிற்று. வாசப்படி தாண்டாமல் குடி போனவர்கள் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர்.